முதுகு ஊசிக்கு யார் கையெழுத்து?

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வாசலில் இப்போது பெரிய போர்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். 'வலியில்லாப் பிரசவம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெண் சிரிக்கிற படம். தலை கலையவில்லை, பொட்டு அழியவில்லை, கையில் பிள்ளை. முப்பத்தொரு வருடம் அந்தப் பிரசவ அறையில் ஆயாவாக நின்றவள் நான். பெற்ற கையோடு அப்படிச் சிரித்த ஒருத்தியையும் பார்த்ததில்லை. படத்தில் இருப்பவள் பல்பசை விளம்பரத்துக்கு வந்தவளாக இருக்கும்.

போன மாதம் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அங்கே போனபோது, புதிதாகச் சேர்ந்த நர்சுப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆயாம்மா, எங்க ஆண்டு மலருக்கு உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க. இந்த ஊசியெல்லாம் இல்லாத காலத்துல வலியை எப்படிச் சமாளிச்சீங்க?"

"நாங்க எங்க சமாளிச்சோம்? படுத்திருந்தவ சமாளிச்சா. நாங்க நின்னு வைஞ்சோம்" என்றேன்.

சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதற்காக நான் சொல்லவில்லை.

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் எழுத வேண்டும். ஆனால் எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. அவசரமான வேலையெல்லாம் பார்த்து முடித்தாயிற்று.

வேலைக்குச் சேர்ந்த கதையை நீட்ட வேண்டாம். அவனியாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்தேன், தரை துடைத்தேன், பெட்பேன் கழுவினேன், ஒரு வருடம் போனது. அடுத்த வருடம் பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

பெரிய சிஸ்டர்தான் பிரசவ அறைக்குத் தலைமை. டாக்டர்கள்கூட அவர் முன்னால் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அவர் சத்தம் போட மாட்டார். யாரையாவது திட்ட வேண்டுமென்றால் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கிற வரைக்கும் நாம் எதிரே நிற்க வேண்டும். அம்புட்டுச் சுத்தமான கண்ணாடியை மதுரையில் வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. அத்தனை தப்புச் செய்திருக்கிறோம்.

"பாண்டியம்மா, கையைக் குடு" என்றார். என் கையைப் பிடித்து, படுத்திருந்த ஒருத்தியின் வயிற்றில், தொப்புளுக்கு மேலே வைத்தார். "கண்ணை மூடு. வலி வந்தா வந்துச்சுன்னு சொல்லு. போனா போச்சுன்னு சொல்லு. அவ மூஞ்சியப் பாக்காத. மூஞ்சி பொய் சொல்லும்."

மூன்று நாள் இதுதான் படிப்பு. வலி வரும்போது வயிறு இறுகும். இறுகிய வயிறு மூக்கு நுனி மாதிரி அமுங்கினால் சின்ன வலி. தாடையைத் தொடுவதுபோல இருந்தால் நடு வலி. நெற்றியைத் தொடுவதுபோல அமுங்காமல் இருந்தால் அதுதான் பெரிய வலி. பத்து நிமிடத்தில் எத்தனை வருகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கிறது, இது இரண்டும் தெரிந்தால் போதும். எனக்கு வாட்சில் நொடி முள் பார்க்கத் தெரியாது. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். நான் நாற்பது என்றால் சிஸ்டரின் வாட்சும் நாற்பது காட்டும். பின்னால் வயிற்றில் பெல்ட் கட்டிக் காகிதத்தில் கோடு போடுகிற மெஷின் வந்தது. பெல்ட் நழுவினால் மெஷின் கோடு போடுவதை நிறுத்திவிடும். அப்போது டாக்டரம்மா திரும்பிப் பார்க்காமலே "ஆயாம்மா, கை வைங்க" என்பார். இதைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

சூட்டு வலி என்று ஒன்று உண்டு. அதுவும் வயிற்றை இறுக்கும், ஆனால் அதற்கு ஒழுங்கு கிடையாது. கொஞ்சம் நடந்து, சீரகத் தண்ணீர் குடித்துப் படுத்தால் அடங்கிப்போகும். நிஜ வலி முதுகில் ஆரம்பித்து முன்னால் சுற்றிக்கொண்டு வரும். இடைவெளி குறைந்துகொண்டே போகும், நடந்தால் கூடும். எங்கள் தெருவில் ஒருத்தி சூட்டு வலிக்கு மூன்று நாள் தொடர்ந்து ஷேர் ஆட்டோவில் வந்தாள். மூன்றாம் நாள் ஆட்டோக்காரர் என்னிடம் கேட்டார்: "யக்கா, இந்தப் பிள்ளைக்கு மாச பாஸ் போட்டுரவா?"

வைவது பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையும் எழுதிவிடுகிறேன். வலியில் கத்துகிறவளைப் பார்த்து, "கத்தாத, கத்துனா பிள்ளை மேல ஏறிக்கிரும்" என்போம். பிள்ளை மேலே ஏறி எங்கே போகும் என்று நாங்களும் யோசித்ததில்லை, அவளும் கேட்டதில்லை. அதற்கும் அடங்காதவளிடம், "பத்து மாசத்துக்கு முன்னாடி எங்க போச்சு இந்தச் சத்தம்?" என்போம். நானும் கேட்டிருக்கிறேன். மூன்று பிள்ளை பெற்று, அதே பேச்சைக் கேட்டு அழுதவள்தான் நானும். மறுவாரம் வேலைக்குப் போய் அடுத்தவளை வைதேன். டியூட்டி என்று நினைத்தோம்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால், புதிய டாக்டரம்மா வந்த பிறகுதான் முதுகு ஊசி வந்தது. ஆபரேஷனுக்குப் போடுகிற ஊசி வேறு. இது முதுகுத்தண்டில் மெல்லிய குழாயை விட்டு, அது வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து ஏற்றுவது. வலி தெரியாது, நினைவு இருக்கும். இதற்கென்றே மயக்க டாக்டர் வெளியிலிருந்து வர வேண்டும். கூடவே ஒரு பேப்பரும் வரும். சம்மதப் படிவம். அதை வெளியே கொண்டுபோய்ச் சொந்தக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி வருவது ஆயாவின் வேலை. பெரிய சிஸ்டரின் சட்டம் அது: பேப்பர் வெளியே போகும், கையெழுத்தோடு உள்ளே வரும், அப்புறம்தான் ஊசி.

ஒரு புதன்கிழமை காலையில் வித்யா வந்தாள். காலேஜில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற பிள்ளை. புகுந்த வீடு பசுமலை, பிறந்த வீடு வாடிப்பட்டிப் பக்கம். தலைப்பிரசவம். ஏழாம் மாதத்திலிருந்தே டாக்டரம்மாவிடம் எனக்கு முதுகு ஊசி வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள். பிரசவ வகுப்புக்கும் போயிருந்தாள். அங்கே பெரிய பந்தில் உட்கார வைத்து, மூச்சு விடச் சொல்லிக்கொடுத்து, 'வலி என்று சொல்லாதீர்கள், அலை என்று சொல்லுங்கள்' என்றார்களாம். வைகையில் தண்ணீர் வருவதே விசேஷமாக இருக்கிற ஊரில் அலையை யார் கண்டது?

பத்தரை மணிக்கு நான் வயிற்றில் கை வைத்தேன். நெற்றிதான். பத்து நிமிடத்தில் மூன்று.

"எப்படிம்மா இருக்கு அலை?" என்று கேட்டேன். கொஞ்சம் நக்கலாகத்தான்.

"அலை இல்ல ஆயாம்மா, லாரி" என்றாள். "ஊசி போடச் சொல்லுங்க."

டாக்டரம்மா பார்த்துவிட்டு, போடலாம், சரியான நேரம் என்றார். மயக்க டாக்டருக்குப் போன் போனது. அவர் வந்தார். ஒரு மணிக்கு இன்னோர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், அதற்குள் ஊசியைப் போட்டு அரை மணி நேரமாவது பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுத்தான் போவேன், பன்னிரண்டேகாலுக்குள் கையெழுத்து வரவில்லை என்றால் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். பெரிய சிஸ்டர் பேப்பரை என் கையில் கொடுத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கே அந்த ஊசி பிடிக்காது. நாங்கள் எல்லாம் பெறவில்லையா என்கிற நினைப்புத்தான். செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை என்று முனகிக்கொண்டே போனேன்.

வராண்டாவில் முதலில் இருந்தவர் புருஷன். நீட்டினேன். பேப்பரைத் தொடாமலே எட்டிப் பார்த்தார்.

"அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேனே ஆயாம்மா."

அவருடைய அம்மா, வித்யாவின் மாமியார், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. பேப்பரை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். படித்து, நடுவில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது என்று கண்டுபிடித்து எனக்குக் காட்டினார்.

"முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்புவலி வருமாமே?" என்றார்.

"டாக்டரம்மா அப்படி இல்லைங்கிறாங்க டீச்சரம்மா."

"வலி தெரியாமப் பெத்தா பிள்ளை மேல பாசம் எப்படி வரும்? சரி, நமக்கென்ன. தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. நாம கையெழுத்துப் போட்டா முறையா இருக்காது. சம்பந்திகிட்டக் குடுங்க."

உள்ளே போய்ச் சொன்னேன். வித்யா கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். விரல் வெளுத்திருந்தது. "அப்பாகிட்டக் கேளுங்க, போட்டுருவாரு" என்றாள்.

அப்பா விவசாயி. வெள்ளைச் சட்டை, கையில் துண்டு. பேப்பரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு ஆயாம்மா. பொறக்கப் போறது அவுக வம்சம். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, வாடிப்பட்டிக்காரன் கையெழுத்துப் போட்டுக் கெடுத்துட்டான்னு பேச்சு வரும். சம்பந்தி போடட்டும்."

"அய்யய்யோ, முதல் உரிமை உங்களுக்குத்தான் சம்பந்தி" என்றார் மாமியார்.

"இல்லங்க, நீங்க பெரியவங்க."

"நீங்க போடுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

விருந்தில் கடைசி வடையை எடுக்கச் சொல்லி உபசரிப்பதுபோல உபசரித்துக்கொண்டார்கள். வித்யாவின் அம்மா ஓர் ஓரத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அவரைப் போடச் சொல்லலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கடைசியில் இரண்டு பக்கமும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தாய்மாமனைக் கேட்பது. அவர் வாடிப்பட்டியிலிருந்து கிளம்பிவிட்டாராம். போனில் பிடித்தார்கள். ஸ்பீக்கரில் அவர் குரல் வராண்டா முழுக்கக் கேட்டது.

"பன்னெண்டுல இருந்து ஒன்றரை ராகு காலம். அதுக்குள்ள எந்தக் கையெழுத்தும் வேணாம். நான் வாரேன், உக்காந்து பேசுவோம்."

மறுபடி உள்ளே போனேன். மணி பதினொன்றே முக்கால். மயக்க டாக்டர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். நான் வித்யாவின் வயிற்றில் கை வைத்து, "வந்துச்சு" என்றேன். பழக்கத்தில் வாய் சொல்லிவிடும்.

அவள் அந்த வலி முடிகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். முடிந்ததும் என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. கணக்குச் சொல்லிக் கொடுக்கிற குரலில் கேட்டாள்:

"உங்க கைக்குத் தெரியிற வலியை எல்லாரும் எழுதிக்கிறீங்க. எனக்கு வலிக்குதுன்னு நான் சொன்னா மட்டும் வெளிய போய்க் கேட்டுட்டு வாரீங்க. இது என்ன கணக்கு ஆயாம்மா?"

முப்பது வருடத்தில் அந்தக் கட்டிலிலிருந்து வந்த வசவு எல்லாம் எனக்குப் பழக்கம். என் குலத்தையே இழுத்திருக்கிறார்கள், துடைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். இதைத் துடைத்துப் போட முடியவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு மறுபடி வெளியே போனேன்.

வராண்டாவில் மாமன் எந்த ஊர் தாண்டினார் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. என்னை யாரும் கவனிக்கவில்லை. சும்மா நிற்கிற நேரத்தில் கையில் இருந்த பேப்பரைப் படித்தேன். படித்தவர்கள் ஒரு பக்கத்தை ஓட்டமாகப் பார்த்துவிடுவார்கள். எனக்கு ஒவ்வோர் எழுத்தாகத்தான் போக வேண்டும், எதையும் தாண்டத் தெரியாது. கடைசியில், கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மேலே, இரண்டு வரி இருந்தது.

'நோயாளியின் கையொப்பம்.' அதற்குக் கீழே, 'நோயாளி சுயநினைவில் இல்லாதபோது மட்டும், உறவினர் கையொப்பம்.'

'மட்டும்' என்பதை இரண்டு தடவை கூட்டிப் படித்தேன். மட்டும்தான்.

நேரே பெரிய சிஸ்டரிடம் போனேன். "சிஸ்டர், இதைக் கொஞ்சம் வாசிங்க" என்றேன்.

"கையெழுத்து ஆச்சா?"

"வாசிங்க சிஸ்டர்."

என் பேரைச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் நின்றேன். மாட்டிக்கொண்டு வாசித்தார். அப்புறம் வித்யாவைப் பார்த்தார். சுயநினைவு இல்லை என்று அவளைச் சொல்ல வழியே இல்லை. மயக்க டாக்டரைப் பேர் சொல்லி, இன்னும் எத்தனை நிமிடம் இருப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாளா இதை நான்தான் வெளிய அனுப்பியிருக்கேன்" என்றார் சிஸ்டர். என்னிடம் சொன்னது மாதிரி இல்லை. பிறகு, "பேனா எடு" என்றார்.

அடுத்த வலி போகிற வரை காத்திருந்து, "போச்சு" என்று நான் சொல்ல, வித்யா கையெழுத்துப் போட்டாள். நிறுத்தி, நிதானமாக, முழுப்பேரும் எழுதினாள். மணி பன்னிரண்டு ஐந்து. நல்ல ராகு காலம். ராகு ஒன்றும் சொல்லவில்லை.

ஊசி போடும்போது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்து அசையாமல் இருக்க வேண்டும். வலி வரும்போது யாரால் அசையாமல் இருக்க முடியும்? அதனால் இரண்டு வலிக்கு நடுவில்தான் போட வேண்டும். மயக்க டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வயிற்றில் கை வைத்து நின்றேன். "வருது டாக்டர்... இருங்க... இருக்கு... போச்சு. இப்பப் போடுங்க." அவர் போட்டார்.

கால் மணி நேரம் கழித்து என் கைக்குக் கீழே வயிறு நெற்றியாக இறுகியது. வித்யா என்னிடம், "ஆயாம்மா, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கட்டிலில் படுத்த ஒருத்தியும் அதுவரை என்னைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. கேட்க அவர்களுக்கு எங்கே இடம் இருந்தது? மூன்று என்றேன். மூத்தவன் பேர் என்ன, எங்கே வேலை என்று கேட்டாள். வயிறு இறுகுகிறது, இவள் விசாரிக்கிறாள். ஊசி பிடிக்காது என்று நினைத்ததை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

வெளியே சொல்லட்டுமா என்று சிஸ்டரைக் கேட்டேன். "ஊசி போட்டாச்சான்னு கேட்டாச் சொல்லு. மறைக்காத" என்றார். நான் வெளியே போகும்போதெல்லாம் கேட்பார்கள் என்று நின்று பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் கையெழுத்துப் போடவில்லை, அதனால் ஊசி போட்டிருக்க முடியாது என்று இரண்டு பக்கத்துக்கும் உறுதியாகத் தெரியும். மாமியார் மட்டும், "என்ன, உள்ள சத்தமே காணோம்?" என்றார்.

"நல்லா இருக்கா டீச்சரம்மா. நீங்க பேசி முடிங்க, அவசரமில்ல."

வழியில் ராகு காலம் கழிகிற வரை காத்திருந்து, இரண்டு மணிக்குத் தாய்மாமன் வந்து சேர்ந்தார். தொழுவத்தில் எத்தனை கன்று ஈனவைத்திருக்கிறார் என்பதிலிருந்து ஆரம்பித்தார்.

மூன்றரைக்குக் கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறந்துவிட்டது. இந்த ஊசியில் ஒரு சங்கடம், எப்போது முக்க வேண்டும் என்று பெறுகிறவளுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் என் கைதான் சொல்ல வேண்டியிருந்தது. "வருது வித்யா, மூச்சை இழு, முக்கு... முக்கு... விடு, போச்சு." அவள் சொன்னபடி செய்தாள். யாரும் யாரையும் வையவில்லை. நாலு மணிக்குச் சற்று முன்னால் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தவுடனே அதுதான் கத்தியது, அந்த அறையில் அன்றைக்குக் கேட்ட பெரிய சத்தம் அதுதான்.

துடைத்து, எடை பார்த்து, துணியில் சுற்றி, வழக்கம்போல வெளியே காட்டுவதற்குத் தூக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் தாய்மாமன் எழுந்தார். என் கையில் இருப்பதை அவர் பார்க்கவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

"ஆயாம்மா, ரெண்டு பக்கமும் கலந்து பேசி முடிச்சுட்டோம். ஊசி வேணாம். எங்க பொண்ணு தாங்கிக்கிருவா."

"சரிங்கய்யா" என்றேன்.

அப்புறம்தான் பார்த்தார்கள். காலையிலிருந்து ஒரு பேனாவுக்கு நீளாத கைகள் எல்லாம் ஒன்றாக நீண்டன. வம்சம் எங்களுடையது என்றார் மாமியார். தலைப்பிள்ளை, எங்கள் வீட்டுக்குத்தான் முதல் உரிமை என்றார் வாடிப்பட்டிக்காரர். தாய்மாமன்தான் முதலில் வாங்க வேண்டும், அதுதான் முறை என்றார் தாய்மாமன். புருஷன் கையை நீட்டிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

நான் ஓர் அடி பின்னால் வைத்தேன். "செத்த இருங்க. யார்கிட்ட முதல்ல குடுக்கணும்னு பெத்தவளைக் கேட்டுட்டு வாரேன்."

உள்ளே வித்யா தலையணையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பெரிய சிஸ்டரே கொண்டுவந்து கொடுத்த டீ. கேட்டேன். அவள் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு வாய் டீ குடித்தாள்.

"நாலு பேரும் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"யோசிச்சுச் சொல்றேன் ஆயாம்மா" என்றாள். "அதுவரைக்கும் உக்காந்திருக்கட்டும்."